தொடாதே என்ற கோட்டுக்குக் கீழே

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். முந்தாநாள் துவைத்த துணி இன்னும் கொடியில். வை-ஃபை மறுபடி போயிற்று. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் புது வீடு, புது டைல்ஸ், புது கேட், எல்லாம் சரி. காற்றடித்தால் முதலில் அறுவது கேபிள். போன் போட்டால் கேபிள்காரர் சொல்கிறார்: "காத்து நிக்கட்டும்மா, இப்ப போஸ்ட்ல ஏறுனா நான்தான் பறப்பேன்." காற்று நிற்க செப்டம்பர் ஆகும். எனக்கு இந்த மாதக் கடைசி வரைதான்.

செய்ய வேண்டியவை:
நாலாம் அத்தியாயத்தின் கடைசிப் படம்.
சென்னைக் கம்ப்யூட்டரில் ஓடும் சிமுலேஷன் ரன் எதுவரை வந்திருக்கிறது, பார்க்க.
அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை.
கைடு சாருக்கு மெயில். (போன மெயிலுக்கே பதில் இல்லை.)
குடைக்கம்பி.

ஹாஸ்டலில் ஆராய்ச்சி மாணவிகளுக்கு ஐந்து வருடம்தான். ஆறாம் வருடம் நீயும் உன் பெட்டியும் வெளியே. அதனால் கம்ப்யூட்டர் கிளஸ்டர் சென்னையில் ஓடுகிறது, நான் தென்காசியில் உட்கார்ந்து அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதம் தீசிஸைச் சமர்ப்பித்தால் ஆகஸ்டில் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் வேலை. சமர்ப்பித்த சான்றோடு வந்தால் சேரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ரிட்டையர்டு எஸ்.ஐ. வாயைத் திறந்தால் தெரு நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். எதிர்வீட்டம்மா என்னிடம்: "தீயப் பத்திப் படிக்கியாம்லா. ஃபயர் சர்வீஸ்ல எடுத்துக்கிடுவாங்களோ?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். யார் விளக்குவது.

ஜூலை 4, வெள்ளி

குற்றாலம் வந்தாயிற்று. அக்கா வீட்டுக்காரர் பரமசிவன் அத்தான் மேனேஜராக இருக்கும் லாட்ஜ். ரிசப்ஷனில் நெட் நன்றாக வரும். அத்தான்தான் கூப்பிட்டார்: "சீசன் முடியுத வரைக்கும் தினமும் இங்கன வந்து உக்காரு செல்வி. ஒனக்கும் வேலை ஆவும், நான் சாப்பிடப் போனா கவுன்ட்டருக்கு ஒரு ஆளும் ஆவும்." இரண்டாவதுதான் நிஜக் காரணம். இருக்கட்டும்.

கவுன்ட்டருக்குப் பின்னால் சாவி மாட்டும் பலகை, அதற்குக் கீழே என் லேப்டாப். வருகிறவர்களுக்கு நான்தான் ரிசப்ஷனிஸ்ட். இன்று கேட்டவை:

"ரூம் இருக்கா?"
"தண்ணி விழுதா?"
"அஞ்சருவில குளிக்க விடுதாங்களா?"
"வெந்நி எப்ப வரும்?" (அருவிக் குளியலுக்கு வந்தவர்.)
"ஏம்மா, ஏதாச்சும் ரெக்கமண்டேஷன்ல கூட்டமில்லாம குளிக்க முடியுமா?"

எண்ணெய் மசாஜ் முடித்த ஒருவர் அப்படியே வந்து சோபாவில் உட்காரப் போனார். அத்தான் பாய்ந்து வந்து துண்டை விரித்தார். இவ்வளவு வேகமாக அத்தான் நடந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். "நீலமும் சிவப்புமாத் தெரியுது. அப்படி என்னத்தத்தான் பாக்க அதுல?"

காட்டினேன். இது பர்னர் குழாய். கீழேயிருந்து கேஸும் காற்றும் முன்னாடியே கலந்து வருகிறது. மேல் வாயில் சுடர். கலவை மேலே தள்ளிக்கொண்டு வரும். சுடர் கீழ்நோக்கித் தின்றுகொண்டு வரும். ரெண்டும் சமமாக இருந்தால் சுடர் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் கலவை சீராக வராது, சுழன்று சுழன்று வரும். அதில் சுடர் கசங்கும். கசங்கக் கசங்க வேகமாகத் தின்னும். அந்தக் கசங்கலைக் கணக்குப் போடத்தான் ஒரு அறை நிறைய கம்ப்யூட்டர். இதில் நான் கேஸோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டே போகிறேன். ஹைட்ரஜன் சேர்ந்தால் சுடருக்கு வெறி.

"குழாய்க்குள்ள இறங்கிட்டா?"

"உள்ள இருக்கது பூரா எரியத் தயாரா இருக்க கலவை அத்தான். வெடிக்கும்."

"ஒன்னது இறங்குமா?"

"இறங்காது. அதான் என் தீசிஸ்."

அத்தான் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஜூலை 6, ஞாயிறு

கூட்டம் சொல்லி மாளாது. மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, போலீஸ் தடை. குளிக்க முடியாத கோபத்தையெல்லாம் கவுன்ட்டரில் கொட்டினார்கள். ஒருவர் என்னிடம், "இதை நீங்க முன்னாடியே சொல்லணும்" என்றார். மேகத்துக்கு நான்தான் பொறுப்பு.

கிளஸ்டர் அறையில் ஏ.சி. பராமரிப்பாம். எல்லா ரன்னையும் நிறுத்துகிறார்கள். பரவாயில்லை. அப்போதைக்கப்போது சேமித்து வைத்த ரீஸ்டார்ட் ஃபைல் இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம். இதுவரை என் ரன் நடுவில் நின்றதே இல்லை.

அருள் போன் பண்ணினான். லேபில் என் ஜூனியர், வாசுதேவநல்லூர்க்காரன். லேபில் எனக்கு ஊர்ப்பேச்சு பேசக் கிடைத்த ஒரே ஆள். சாருக்கு புராஜெக்ட் கொடுத்த பர்னர் கம்பெனி இந்த மாதக் கடைசியில் நிஜ பர்னரில் சோதனை வைக்கிறதாம். எவ்வளவு ஹைட்ரஜன் வரை போகலாம் என்பதற்கு என் நாலாம் அத்தியாயம்தான் கணக்கு. லேப் சார்பில் அருள் போகிறான்.

"யக்கா, ஒங்க சுடர நேர்ல பாக்கப் போறேன்."

பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டு விட்டு. ரன்னை மறுபடி தொடங்கினேன்.

சுடர் நிற்கவில்லை. நேராகக் குழாய்க்குள் இறங்கி அடிவாசல் வரை ஓடி, புரோகிராமே செத்தது.

ஏதோ செட்டிங்கில் கோளாறு. நாளை.

ஜூலை 9, புதன்

மறுபடி அதே. சாருக்கு மெயில். அதிசயமாக உடனே பதில், ஒரே வரி: ரீஸ்டார்ட் ஃபைல் கெட்டிருக்கும், பழையதை எடு.

அக்கா லாட்ஜுக்கு மீன்குழம்பு கொடுத்து விட்டிருந்தாள். ஸ்கிரீனைப் பார்த்தபடியே தின்றதில் முள் குத்திவிட்டது. அத்தானின் ஆலோசனை: வெறும் சோற்றை உருட்டி முழுங்கு. முழுங்கினேன். போயிற்று. அத்தான் அதற்கும் பெருமைப்பட்டார்.

ஜூலை 10, வியாழன்

பழைய ஃபைல். அதற்கும் பழைய ஃபைல். போன வருடத்து ஃபைல். எதிலிருந்து தொடங்கினாலும் சுடர் இறங்குகிறது. தொடர்ந்து ஓடும்போது நிற்கும் சுடர், நிறுத்தித் தொடங்கினால் ஏன் ஓட வேண்டும்? எல்லா ஃபைலுமா கெடும்?



அறை எண் கேட்ட ஒருவரிடம் வேறு சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குடும்பம். அத்தான் இரண்டு பக்கமும் கும்பிட்டுச் சமாதானம் செய்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 12, சனி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் வேறு வழியில்லாமல், குழாயின் அடியில் கலவை என்ன வேகத்தில் உள்ளே வருகிறது என்று கிராஃப் போட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடப் போட்டதில்லை. ஏன் போட வேண்டும்? வேகம் நான் கொடுத்த எண். கொடுத்த எண் கொடுத்தபடி இருக்கும். தட்டையான கோடு வரும்.

தட்டையாக இல்லை. படிக்கட்டு. சுடர் கொஞ்சம் கீழே இறங்கப் பார்க்கும்போதெல்லாம் வேகம் ஒரு படி ஏறுகிறது. இன்னும் இறங்கினால் இன்னும் ஒரு படி. நான் ஹைட்ரஜனைக் கூட்டக் கூட்ட, யாரோ கீழேயிருந்து பலமாக ஊதி ஊதிச் சுடரை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

யாரோ இல்லை. புரோகிராமே. சுடர் நகர்ந்தால் கலவையின் வேகத்தைக் கூட்டு, சுடரை நின்ற இடத்திலேயே வை என்று ஒரு துண்டு கட்டளை உள்ளே இருக்கிறது. ரன் நின்று மறுபடி தொடங்கினால், ஏறிய படிகள் அதற்கு ஞாபகம் இருக்காது. முதல் வேகத்துக்கே திரும்பிவிடும். மறுபடி படி ஏறி முடிப்பதற்குள் சுடர் கீழே ஓடிவிடுகிறது. கெட்டது ஃபைல் இல்லை. இப்போது காட்டுவதுதான் நிஜம். இத்தனை நாள் நின்றதுதான் பொய்.

"தண்ணி விழுதா?" என்றார் ஒருவர். விழுது, விழுது, போங்க என்றேன். அவர் அத்தானிடம் புகார் சொன்னார்.

ஜூலை 13, ஞாயிறு

லாட்ஜுக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தேன். மழை.

எங்கள் லேபில் ஒரு வழக்கம். ஆயுத பூஜையன்று சர்வர் ரூம் கதவுக்குச் சந்தனம் குங்குமம். பொரி, கடலை. புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு சார் தன் கையாலேயே மூல புரோகிராமைக் காப்பி செய்து கொடுப்பார். அவர் வாலிப வயதில் எழுதியது. நடுவில் நட்சத்திரக் குறிகளால் ஒரு நீளக் கோடு. அதில், இதற்குக் கீழே தொடாதே. மேலே இருப்பதுதான் நமக்கு: என்ன கேஸ், எவ்வளவு, என்ன வேகம். கீழே சாருடையது. எனக்குக் கொடுத்தபோது அவர் சொன்னது: "இதைத் தொடாதவங்க எல்லாரும் டாக்டர் ஆயிட்டாங்கம்மா." எல்லோரும் சிரித்தோம். நான் விழுந்து காலைத் தொட்டேன். சாமி கும்பிடுகிற நாளாயிற்றே.

தொடாதே என்றால் தொடாமல் வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. யாரும் வாசிக்கவில்லை. தீசிஸ் எழுத வந்த நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டை உள்ளே சாமி இருக்கிற மாதிரி வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தத் துண்டு தப்பே இல்லை. எனக்கு முன்னால் படித்தவர்கள் கேட்ட கேள்வி, சுடர் எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்பது. அதற்குச் சுடரை ஓரிடத்தில் பிடித்து வைத்துத்தான் அளக்க வேண்டும். எவ்வளவு ஊதிப் பிடித்தோமோ அதுதான் விடை. அவர்கள் தீசிஸ் எல்லாம் சரி. சுடர் தானாக நிற்குமா என்று கேட்டது நான் ஒருத்திதான். பிடித்துக்கொண்டே, நிற்கிறதா பார், நிற்கிறதா பார் என்று கேட்டிருக்கிறேன். அறிவுகெட்டவள்.

அம்மா எட்டிப் பார்த்து, "காய்ச்சலாட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். கஷாயம் வந்தது. குடித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

அந்தத் துண்டை அணைத்துவிட்டு ஓட்டினேன். கோட்டுக்குக் கீழே கை வைத்தபோது இடி ஒன்றும் விழவில்லை.

பாதி ஹைட்ரஜனுக்கே சுடர் குழாய்க்குள் இறங்குகிறது. தீசிஸில் நான் பத்திரம் என்று எழுதிய அளவுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. அருள் அந்த அளவுக்குத்தான் போகப் போகிறான்.

சாருக்குப் போன். இரண்டு முறை அடித்து மூன்றாவது முறை எடுத்தார். எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு:

"செல்வி, நீ இப்ப இதைப் போட்டுக் குழப்பிக்காதம்மா. சப்மிட் பண்ணு. நாலாம் அத்தியாயத்துல, உள்வரும் வேகம் சரிசெய்யப்பட்டதுன்னு ஒரு வரி போட்டுடு. பொய் இல்லையே?"

"டெஸ்ட் சார்? அருள் பக்கத்துல நிப்பான்."

"அங்க சேஃப்டி எல்லாம் இருக்கும்மா. கம்பெனி பாத்துக்கும். உன் ரெஜிஸ்ட்ரேஷன் இந்த மாசத்தோட முடியுது. அத நெனப்புல வெச்சுக்கோ."

குரலில் கோபமே இல்லை. மகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூலை 16, புதன்

அருளுக்குப் போன். சொன்னேன். அவன் நம்பினான், உடனே நம்பினான். குரல் இறங்கிவிட்டது.

"போகாதடே."

"எப்படிக்கா போவாம இருக்க? சார் டிக்கெட்டே போட்டுட்டாரு. நான் இப்பதான் மூணாவது வருஷம்."

"அப்போ சார்ட்ட நீ கேளு."

"நீங்களே பேசுங்கக்கா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க." பிறகு, "எவ்வளவு தூரத்துல நின்னா பரவால்ல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் சிமுலேஷன் இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. அம்மா பாயசம். தென்காசிக் கோவிலுக்குப் போய் வந்தாள். கோபுர வாசல் காற்று இன்றைக்கு ஆளையே தள்ளுகிறதாம். எனக்காக ஒரு அர்ச்சனை, தீசிஸ் பெயருக்கு. எந்த நட்சத்திரம் சொன்னாளோ.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லும் எண்ணம் இல்லை, வந்துவிட்டது. சுடர், காற்று எதுவும் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேலதிகாரிக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"எழுத்துலயா வாயிலயா?"

"போன்ல."

"அப்ப தெரியாது." கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எழுதிக் குடுக்கப் போறியா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நான் ஒரு தடவ எழுதிக் குடுத்தேன். அதுக்கப்புறம் கடையத்துல இருந்து வாசுதேவநல்லூர், அங்கேர்ந்து எங்கெங்கயோ. நீ ஸ்கூல் மாத்தி மாத்திப் படிச்சது எதுனாலன்னு நெனச்ச?" குரல் ஏறியது. "ஒனக்கு எதுக்குட்டி இந்த வேல? சப்மிட் பண்ணு. வேலைல சேரு. பொறவு என்ன வேணாலும் கண்டுபிடி. ஊர் பூராச் சொல்லிருக்கேன்."

அம்மா பாயசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்து சாவி கொடுத்தேன், சாவி வாங்கினேன். நல்ல வேலை. சாவி மாறினால் உடனே தெரிந்துவிடும்.

அந்த ஒரு வரியைப் போட்டுப் பார்த்தேன். உள்வரும் வேகம் சரிசெய்யப்பட்டது. அழகாகப் பொருந்துகிறது. வாசிக்கிற எவருக்கும் ஒன்றும் தோன்றாது. எனக்கே தோன்றாது.

ஜூலை 19, சனி

அனுப்பிவிட்டேன்.

கம்பெனியில் சோதனையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியருக்கு. போன வருடம் மீட்டிங்கில் அறிமுகமானவர், அட்டை கொடுத்திருந்தார். சாருக்கும் நகல். நான் கொடுத்த அளவுகள் தவறு, சுடரைப் புரோகிராம் பிடித்து வைத்திருந்தது, பிடி இல்லாமல் ஓட்டிய ரன் இத்துடன், சோதனையை நிறுத்துங்கள், நிறுத்த முடியாவிட்டால் ஆள் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். சுருக்கமாகத்தான் எழுதினேன். தவறு என்ற சொல்லைத் தட்டிவிட்டு அழித்தேன், மறுபடி போட்டேன். வேறு சொல் இல்லை.

அனுப்பி முடித்த கையோடு அத்தான் வந்தார். மேல்மாடியில் தண்ணீர் வரவில்லையாம், மோட்டார் போடச் சொன்னார். போட்டேன்.

தைரியமெல்லாம் இல்லை. அருள் எவ்வளவு தூரத்தில் நிற்கட்டும் என்று கேட்டிருக்காவிட்டால் அனுப்பியிருக்க மாட்டேனோ என்னவோ.

ஜூலை 21, திங்கள்

சார் போன். இந்த முறை பேச்சில் 'ம்மா' இல்லை.

"நீங்க என்னைக் கேக்காம வெளிய மெயில் போட்டிருக்கீங்க."

நீங்க. ஆறு வருடத்தில் முதல் மரியாதை.

"உங்களை முதல்லயே கேட்டேன் சார்."

"மாணவி ஒரு செட்டிங்கைக் கவனிக்காம விட்டதால வந்த தப்புன்னு அவங்களுக்கு எழுதிட்டேன். லேபோட பேரைக் காப்பாத்தணும் இல்லையா? தீசிஸ் இந்த நிலைமைல நான் கையெழுத்துப் போட முடியாது. நாலாம் அத்தியாயத்தைப் புதுசா செய்யுங்க. எக்ஸ்டென்ஷனுக்கு எழுதிப் போடுங்க, கமிட்டி பார்க்கும்."

நேற்றுவரை ஒரு வரி போதும். இன்று அத்தியாயமே புதிதாக வேண்டும்.

கவனிக்காமல் விட்டேன் என்பது நிஜம்தான். அதனால் சண்டையும் போட முடியவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, கோட்டுக்குக் கீழே எழுதியது யார் சார் என்று. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அருவிக்குப் போகிற கூட்டம் குறுக்கே வந்து, "பழைய குத்தாலத்துக்கு ஆட்டோ கிடைக்குமா" என்றது.

ஜூலை 26, சனி

நல்ல வெயில். சீசனில் இப்படி ஒரு நாள்.

சோதனையை வேறு மாதிரி நடத்தினார்களாம். ஆட்கள் அத்தனை பேரும் சுவருக்கு அந்தப் பக்கம், கேமரா மட்டும் இந்தப் பக்கம். ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பாதியைத் தொடும்போதே சுடர் உள்ளே இறங்கிவிட்டது. அருள் படம் அனுப்பினான். குழாய் பிளந்து, வெளிப்பக்கம் வளைந்து, கரி. முன்னால் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கட்டம். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: அந்த மஞ்சக் கட்டம்தான்க்கா எனக்குப் போட்டிருந்த இடம்.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டத்துக்குள் ஒரு உலோகத் துண்டு.

கவுன்ட்டரில் உட்கார்ந்து அழுதேன். அத்தான் பயந்துபோய், "யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா? எந்த ரூம்?" என்று கிளம்பிவிட்டார். இல்லை அத்தான், நல்ல சேதி என்றேன். நம்பவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 31, வியாழன்

ரெஜிஸ்ட்ரேஷன் இன்றோடு முடிந்தது. எக்ஸ்டென்ஷன் விண்ணப்பம் கமிட்டியில். கமிட்டித் தலைவர் சாரேதான்.

கல்லூரிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "பரவாயில்லம்மா, அடுத்த தடவ பாக்கலாம்" என்றார்கள். அடுத்த ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்று யாரிடமோ போனில்: "ஆமா ஆமா, முடிச்சாச்சு. டாக்டர்தான். இனிமே பேருக்கு முன்னால போட்டுக்கிட வேண்டியதான்." என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிறுத்தவில்லை. பேசி முடித்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இனி எதிர்வீட்டம்மாவிடம் நான் டாக்டர். சரி. பொய்யாக ஒன்றை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. குற்றாலத்தில் நிற்க இடமில்லை. அத்தான் இரண்டு குடும்பத்தை ஒரே அறையில் தங்கச் சம்மதிக்க வைத்துவிட்டார். அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் கமிட்டித் தலைவர் பதவியை.

மத்தியானம் அருள். முதலில் ஊர் விஷயம், அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வாசுதேவநல்லூரில் மழை. சுற்றி வளைத்தான். அவன் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"யக்கா, சார் ஒரு பேப்பர் அனுப்புதாரு. டெஸ்ட் ரிசல்ட்டும் சிமுலேஷனும் சேத்து. ஃப்ளேம் உள்ள இறங்கும்னு நம்ம லேப் முன்கூட்டியே சொன்னதா."

"முன்கூட்டியே சொன்னது யாரு?"

"ஒங்க பேரப் போடணும்னு சொன்னேங்க்கா. சத்தியமா. கடைசில நன்றின்னு போடுவாம்ல, அதுல போடுதேன்னுட்டாரு."

"முதல் பேரு?"

"என் பேரு." பிறகு வேகமாக: "நான் கேக்கலக்கா. அவராத்தான் போட்டாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

எப்படிச் சொல்ல. நானும் கேட்டுக்கொண்ட கேள்விதான். கோபம் வந்தது. மஞ்சள் கட்டத்துக்குள் கிடந்த உலோகத் துண்டு நினைவுக்கு வந்தது. அது விழுந்த இடத்தில் நின்றிருக்க வேண்டியவன் இவன். உயிரோடு இருக்கிறான், என் அத்தியாயத்தோடு. இரண்டையும் சேர்த்து நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"எல்லா ரன்னையும் நான்தான் திருப்பி ஓட்டணும்க்கா, அந்தப் பிடி இல்லாம. சார் மூல புரோகிராமத் திரும்பக் குடுத்தாரு. அது உள்ள எங்கன இருக்குன்னு கேட்டா, செல்விட்ட கேட்டுக்கோன்னுட்டாரு. அவருக்கே மறந்துபோச்சு போல."

சொல்லாமல் இருக்கலாம். தேடட்டும். அவனும் கிராஃப் போட்டு, படிக்கட்டைப் பார்த்து, முள் விழுங்கி, கஷாயம் குடித்துக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்கவில்லை என்றால் வேறெதையாவது அணைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைப்பான். சுடர் மறுபடி அசையாமல் நிற்கும். மறுபடி ஒரு பர்னர், மறுபடி தரையில் ஒரு மஞ்சள் கட்டம்.

சொன்னேன். எந்த ஃபைல், கோட்டுக்குக் கீழே எவ்வளவு தூரம், எதை அணைக்க வேண்டும், அணைத்த பிறகு உள்வரும் வேகத்தைக் கட்டாயம் கிராஃப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு முறை சொன்னேன். எழுதிக்கொண்டான். பேனா ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. முடித்துவிட்டுக் கேட்டான்:

"கோட்டுக்குக் கீழ இத மட்டும் பாத்தாப் போதும்லாக்கா? மத்தத ஒண்ணும் தொட வேண்டாமே?"